கல்லூரி வகுப்பில் கனிவு சறுக்கும் இடங்கள்

கனிவான ஆசிரியர் என்று பெயர் எடுக்க நினைப்பவர்கள் முதலில் சறுக்குவது இன்டர்னல் மதிப்பெண்ணில்தான். 25-க்கு 24 போட்டால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் 75 மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வுத்தாளைத் திருத்தப்போவது வேறொருவர். தனக்கு எது தெரியாது என்பதே தெரியாமல் போய் உட்காரும் பிள்ளைக்கு அரியர் விழுகிறது. முதல் தேர்வை ஐந்தாறு வாரத்துக்குள் வைத்து, ஒரு வாரத்தில் தாளைத் திருப்பிக் கொடுங்கள். எந்தப் படியில் தவறியது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்ப எழுதச் சொல்லி, இரண்டில் கூடுதலான மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, தாமதமாக வருபவரை வாசலில் நிறுத்தி விசாரிப்பது. குமரி மாவட்டத்தில் இதைக் கொஞ்சம் யோசித்தே செய்ய வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். வீட்டில் அதற்கு ஒத்தாசை செய்துவிட்டு, மலையோர ஊரிலிருந்து ஒரு பஸ்ஸைத் தவறவிட்ட பிள்ளையிடம் அத்தனை பேர் முன்னால் காரணம் கேட்டால் பொய்தான் வரும். இரண்டு முறை அப்படி நின்றவர் மூன்றாம் முறை வகுப்புக்கே வரமாட்டார். முதல் மணி நேரத்தின் முதல் பத்து நிமிடத்தில் புதுப் பாடம் தொடங்காமல், முந்தைய வகுப்பிலிருந்து மூன்று கேள்விகளை எழுத வையுங்கள். வாசலோரம் ஒரு பெஞ்சு காலியாக இருக்கட்டும். விசாரணை வகுப்பு முடிந்த பிறகு, தனியாக.

அதற்காக வராதவருக்கு வருகை போட்டுவிடுவதும் கூடாது. 75 சதவீதக் கணக்கை இரண்டாம் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும்: செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விடலாம், நீ ஏற்கெனவே 14 விட்டாய். கடைசி வாரத்தில் சொன்னால் அது வெறும் தண்டனை.

கட்டணம் பாக்கி உள்ளவர்களின் பெயரை வகுப்பில் வாசிப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கல்லூரி திறந்து பணம் கேட்பதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். குளச்சல் பக்கத்துப் பிள்ளையிடம் தவணை கேட்டு எழுதித் தரச் சொல்லலாம். அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

மொழியில் நடக்கும் தவறு வேறு வகை. நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் நடத்திவிட்டுக் கடைசியில் தமிழில் சுருக்கம் சொன்னால், தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் அந்தச் சுருக்கத்துக்காக மட்டுமே காத்திருப்பார்கள். கருத்தை முதலில் தமிழில் சொல்லி, கலைச்சொற்களை ஆங்கிலத்தில் போர்டில் எழுதி, கடைசிப் பத்து நிமிடத்தில் அவர்களையே நான்கு ஆங்கில வாக்கியம் எழுதவிடுவது பலன் தரும். களியக்காவிளைப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசுபவரின் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பு சிரித்தால், ஆசிரியரும் சேர்ந்து சிரித்துவிடக் கூடாது.

“புரிஞ்சுதா?” என்பது கேள்வியே அல்ல, அதற்கு எப்போதும் “ஆமா சார்”தான். உண்மையான கேள்வி கேட்டாலும் பதிலுக்கு நேரம் விடுவதில்லை. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே காட்டினார். மனதுக்குள் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள். அந்த மௌனம் முதலில் ஆசிரியருக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

நம்மூர் ‘மக்களே’ நல்ல விளிதான். ஆனால் அதை வைத்தே பெயர் தெரியாமல் மூன்று வருடத்தை ஓட்டிவிட முடியும்.

கடைசியாக, மனம்விட்டுப் பேச வரும் பிள்ளைக்கு “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பேச்சின் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுங்கள். அப்படி ஒரு பேச்சு வந்தால் அறிவுரை வேண்டாம், பிள்ளையைத் தனியே அனுப்பவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தபடியே அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 அல்லது மருத்துவ உதவி எண் 104-ஐ அழைத்து, வீட்டிலிருந்து ஆள் வரும்வரை கூடவே இருங்கள்.