சொந்த நம்பர் நோயாளிகளுக்குப் போன வழி

தர்மபுரியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். என் சொந்த வாட்ஸ்அப்பில் நேரம் காலமில்லாமல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், தோல் அரிப்பு போட்டோ. "சார், மாத்திரையை நிறுத்திடலாமா?" என்ற கேள்விக்கு அவசரத்தில் சொல்லும் பதில் கேஸ் ஷீட்டில் ஏறாது, தப்பானால் பாதிப்பு நோயாளிக்குத்தான்.

நம்பரை மாற்றினேன். புது நம்பருக்கும் வந்தன. மருந்துக்கடையிலும் ஊழியர்களிடமும் விசாரித்தேன், யாரும் கொடுக்கவில்லை. ராத்திரி போனை அணைத்தால், நெஞ்சுவலிக்காரர் யாராவது அழைப்பாரோ என்று தூக்கம் வரவில்லை.

கடைசியில் பீஸ் கட்டிய ஒரு பையனின் போனில்தான் பார்த்தேன். மேசையில் ஒட்டியிருந்த க்யூஆரின் யூபிஐ ஐடியே என் செல் நம்பர்! புது நம்பரில் யூபிஐ செயலியைப் பதிந்து புது க்யூஆர் ஒட்டியபோது, ஐடியும் அந்த நம்பராகவே ஆகிவிட்டது. பணம் கட்டிய எல்லாரிடமும் நம்பர் போயிருக்கிறது.

கிளினிக் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் தொடங்கி, நம்பர் இல்லாத ஐடியோடு க்யூஆர் வாங்கினேன். தனி சிம்மில் வாட்ஸ்அப் பிசினஸ். நேரம் முடிந்ததும் "அவசரம் என்றால் 108, ஆலோசனைக்கு 104" என்று தானாகப் பதில் போகும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி வாட்ஸ்அப்பில் சொல்லும் ஆலோசனையையும் எழுதிப் பதிந்து வைக்க வேண்டும். அதனால் அதில் வருவதை மறுநாளே கேஸ் ஷீட்டில் ஏற்றுகிறோம்.

உழவர் சந்தையில் நிறுத்திக் கேட்பவர்களிடம், "இங்க பேசினா நாலு பேர் காதுல விழும், காலையில வாங்கம்மா" என்கிறேன். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அப்புறம், நீங்களும் கிளினிக் வைத்திருந்து க்யூஆரை மாற்றினால், பழையது மருந்து அலமாரிப் பக்கமும் ஒட்டியிருக்கும். அதையும் கிழித்துவிடுங்கள்.