ஆட்டிசம் கருத்தரங்குக்குக் கிளம்பும் முன்

கோவையிலோ ஈரோட்டிலோ ஆட்டிசம் குழந்தைகளின் பெற்றோருக்குக் கருத்தரங்கு என்றால், டீ இடைவேளையைத் தவறவிடாதீர்கள். மேடைப் பேச்சைவிட அங்கேதான் விஷயம் கிடைக்கும். ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, தெரபியும் அதில் சேரும் என்று எனக்குச் சொன்னது டம்ளரோடு நின்ற ஒரு திருப்பூர் அம்மாதான். இதில் சேர மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும்; இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள்.

பிள்ளையைக் கூட்டிப்போனால் கதவோரம் உட்காருங்கள். மைக் கிறீச்சிட்டால் சட்டென்று வெளியே வந்துவிடலாம். அரிசியும் பருப்பும் சாதத்தை அவனுடைய டப்பாவிலேயே கொண்டுபோங்கள். எங்கள் பையன் டப்பா மாறினாலே வாய் திறக்க மாட்டான்!

அப்புறம், உங்கள் ஊர்ப்பக்கத்துப் பெற்றோர் இரண்டு பேரின் நம்பரையாவது வாங்கிக்கொள்ளுங்கள். தாராபுரத்திலிருந்து அடிக்கடி கோவை போக முடியாது. பக்கத்து ஊர்க்காரரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.