முதல் பனிக்கு முன் நான்கு டயர்கள்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நம் ஊர் ஓட்டுநர் உரிமம் இங்கே ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் எழுத்துத் தேர்வையும் சாலைத் தேர்வையும் முடித்து, பயிற்சிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டி, மிச்சமிருந்த பணத்தில் ஒரு பழைய கோல்ஃபோ கோர்சாவோ வாங்கி வாசலில் நிறுத்தியிருப்பீர்கள். கையிருப்பு கரைந்திருக்கும் அந்த நேரத்தில் அக்டோபர் பிறந்துவிடும். காரை விற்றவர் கோடைக்கால டயர்களை மட்டுமே கொடுத்திருப்பார். பனிக்காலத்துக்கு இன்னொரு செட், அதாவது நான்கு டயர்கள், தனியாக வாங்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியவரும். புது டயரா, யாரோ ஓட்டிய பழையதா, தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஏற்றிய ரீட்ரெட் டயரா என்று யோசிக்கும் இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சட்டம். ஜெர்மனியில் இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதிவரை என்று கட்டாயம் கிடையாது. சாலையில் பனி, பனிச்சேறு, உறைபனி, வழுக்கும் பனிப்படலம் இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். மீறினால் 60 யூரோ அபராதமும், சாலை விதி மீறல்களைக் குறித்துவைக்கும் ஃப்ளென்ஸ்பூர்க் பதிவேட்டில் ஒரு புள்ளியும் விழும். விபத்தில் முடிந்தால் 120 யூரோ. உங்கள் காரை நண்பருக்குக் கொடுத்து அவர் மாட்டிக்கொண்டாலும், உரிமையாளர் என்ற முறையில் உங்களுக்கு 75 யூரோவும் ஒரு புள்ளியும் உண்டு. காலையில் எழுந்து பனியைப் பார்த்த பிறகு டயர் மாற்ற முடியாது என்பதால், இங்குள்ளவர்கள் 'ஓ முதல் ஓ வரை' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒக்டோபர் முதல் ஓஸ்டர்ன் வரை, அதாவது ஈஸ்டர் வரை.

எது குளிர்கால டயர் என்பதிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 'எம் பிளஸ் எஸ்' என்று எழுதியிருந்தால் முன்பு போதுமாக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் அது போதாது. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த முத்திரை இருக்க வேண்டும். பழைய டயர் விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. முத்திரை இல்லாத டயரை எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என் முதல் குளிர்காலத்தில் நானும் பழைய டயர்தான் வாங்கினேன். பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேல்பகுதியின் ரப்பர்க் கட்டங்கள், ஆழமாக, பார்க்கப் புதிது போலவே இருந்தது. டிசம்பரில் ஒரு நாள் ஹாகனிலிருந்து லூடன்ஷைட் நோக்கி மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருந்தேன். பனிச்சேறு படிந்த ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பவில்லை. நேராகப் போய், ஓரத்தில் குவித்து வைத்திருந்த பனியில் மூக்கை நுழைத்து நின்றது. எதிரே வண்டி ஏதும் வரவில்லை. பின் இருக்கையில் மனைவியும் ஆறு மாதக் குழந்தையும் இருந்தார்கள். மறுநாள் பட்டறைக்காரர் டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த டயருக்கு ஒன்பது வயது. பட்டன் இருந்தது, ஆனால் ரப்பர் கட்டையாகிவிட்டிருந்தது.

அந்த நான்கு இலக்கங்களைப் படிக்க இன்றே கற்றுக்கொள்ளுங்கள். 'டிஓடி' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. குளிர்கால டயரின் உயிர் அதன் மென்மையில் இருக்கிறது. ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால ரப்பர் விறைத்துவிடும். குளிர்கால ரப்பர் அந்தக் குளிரிலும் இளகி இருக்கும்படி கலக்கப்பட்டது. பட்டன்களின் மேல் கத்தியால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடும். அவை விரிந்து பனியைக் கவ்விப் பிடிக்கும். வயதானால் இந்த இளக்கம் போய்விடும். ஆறு ஆண்டைத் தாண்டிய பழைய குளிர்கால டயரை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இங்கேதான் ரீட்ரெட் டயர் வருகிறது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ரீட்ரெட் கடையும் இருக்கும். நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தங்கள் பஸ் டயர்களைத் தாங்களே ரீட்ரெட் செய்துகொள்கின்றன. ஆனால் அங்கே நாம் அதைக் கனரக வண்டிகளில்தான் பார்த்திருக்கிறோம். காருக்கு அப்படி ஒரு டயர் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். சாலையோரம் கிடக்கும் உரிந்த லாரி டயர்த் தோல்கள் அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தோல்களில் பெரும்பகுதி காற்றுக் குறைவாக ஓடிச் சூடேறிக் கிழிந்தவை; புது டயரிலிருந்தும் அப்படி உரியும். விமானங்களின் சக்கரங்களிலேயே ரீட்ரெட் செய்த டயர்கள் வழக்கமாக ஓடுகின்றன.

ஜெர்மனியில் இதற்கு 'ருண்ட்எர்நொயர்ட்' என்று பெயர். கடையில் இந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்டால் சிலருக்குப் புரிவதில்லை. இங்கே இது நேற்று முளைத்த தொழில் அல்ல. 1978-இல் தொடங்கிய 'நீலத் தேவதை' என்ற சுற்றுச்சூழல் முத்திரையின் முதலாம் எண் விதிமுறையே ரீட்ரெட் டயர்களுக்காக எழுதப்பட்டது. தேய்ந்த டயரின் உடலைச் சோதித்து, பழுதானதைக் கழித்து, நல்லதின் மேல்பகுதியைச் சுரண்டி எடுத்து, புது ரப்பரை ஏற்றி, அச்சில் வைத்துச் சூட்டில் வேகவைக்கிறார்கள். லாரி டயரில் ஏற்கெனவே வெந்த பட்டையை மேலே ஒட்டும் முறையும் உண்டு. கார் டயரில் பொதுவாக அச்சில் வைத்து, பக்கவாட்டின் மேலும் மெல்லிய ரப்பர் ஏற்றி, முழுதாகவே புதுப்பிக்கிறார்கள். அதனால் பார்வைக்குப் புது டயருக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பனியைப் பிடிப்பது மேல் ரப்பரும் அதன் வெட்டுகளும்தான். ரீட்ரெட் டயரில் அவை இரண்டும் புதியவை. பழையது உள்ளே இருக்கும் உடல் மட்டும். ஒன்பது வயது ரப்பரில் சறுக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: யாரோ ஓட்டிக் கழித்து இணையத்தில் விற்கும் பழைய குளிர்கால டயரைவிட, முறையாகச் செய்யப்பட்ட ரீட்ரெட் டயர் எத்தனையோ மேல்.

வாங்கும்போது பக்கவாட்டைப் படியுங்கள். 'ரீட்ரெட்' என்ற சொல், வட்டத்துக்குள் 'ஈ' எழுத்துள்ள ஐரோப்பிய ஒப்புதல் முத்திரை, புதுப்பித்த வாரமும் ஆண்டும், மலை முத்திரை ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். கார் ரீட்ரெட் டயர்களுக்கான ஐரோப்பிய விதி எண் 108. ஒப்புதல் எண்ணும் அதையொட்டியே '108ஆர்' என்று தொடங்கும். பிறகு, கடைக்காரர் எரிச்சலுற்றாலும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நான்கின் உடலும் ஒரே நிறுவனத்தினுடையதா? மேலே பட்டன் வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்று ஒரு நிறுவனத்தின் உடலாகவும் இன்னொன்று வேறொன்றின் உடலாகவும் இருக்கக்கூடும். எடையும் விறைப்பும் மாறும். வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். நான்கும் ஒன்றாகக் கிடைக்காவிட்டாலும் முன் அச்சில் இரண்டு, பின் அச்சில் இரண்டு எனப் பொருந்தி வரும்படி கேட்டு வாங்கலாம். பேலன்சிங் செய்யாமல் மாட்டவே கூடாது.

அளவை ஊகிக்காதீர்கள். வண்டிப் பதிவுச் சான்றிதழின் 15.1, 15.2 கட்டங்களில் எழுதியிருக்கும். அளவுக்குப் பின்னால் வரும் எழுத்து வேகத்தைக் குறிக்கும்: 'க்யூ' என்றால் 160, 'டி' (T) 190, 'ஹெச்' 210 கிலோமீட்டர். உங்கள் காரின் உச்சவேகத்தைவிடக் குறைந்த எழுத்துள்ள குளிர்கால டயரைப் போட அனுமதி உண்டு. ஆனால் அந்த வேகத்தை எழுதிய ஒட்டுத்தாள் ஓட்டுநர் கண்ணில் படும்படி உள்ளே ஒட்டியிருக்க வேண்டும். டயர்க் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

இனி விலை. ரீட்ரெட் என்றால் பாதி விலை என்ற எண்ணத்தோடு போனால் ஏமாறுவீர்கள். ஆசியாவிலிருந்து மலிவான புது டயர்கள் வந்து குவிந்தபின் இடைவெளி சுருங்கிவிட்டது. 205/55 ஆர்16 போன்ற பரவலான அளவில் ஒரு டயருக்குப் பத்து யூரோ அளவில்தான் மிச்சமாகும் நேரங்கள் உண்டு. இன்னொரு சிக்கல்: புது டயரில் ஒட்டியிருக்கும் ஐரோப்பிய லேபிளில் ஈரச்சாலைப் பிடிப்புக்கு 'ஏ' முதல் 'ஈ' வரை தரம் போட்டிருக்கும். ரீட்ரெட் டயருக்கு அந்த லேபிள் இல்லை. எனவே மழையில் அது எப்படி நிற்கும் என்பதைக் கடையில் நின்று ஒப்பிட வழியில்லை. ரூர் பகுதியில் குளிர்காலம் முழுக்கப் பனியைவிட மழைதான் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

அதனால் என் கணக்கு இப்படி. சின்ன கார், ஊருக்குள் வேலைக்குப் போய்வருவது, ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் என்றால் ரீட்ரெட் வாங்குங்கள். நல்ல பெயருள்ள நிறுவனத்தின் புது டயருக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இருந்து, அந்த மிச்சம் உங்கள் வீட்டுக்குப் பொருட்டாகும் என்றால் தயங்க வேண்டாம். தினமும் ஆட்டோபானில் நூறு கிலோமீட்டர் போகிறவர்கள், சாமானும் குடும்பமும் ஏற்றிக்கொண்டு சுவிட்சர்லாந்துக்கோ பாரிஸுக்கோ உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் கூடுதலாகச் சேர்த்துப் புது டயரே வாங்குங்கள். கொலோன், டியூசல்டோர்ஃப் போன்ற சமவெளி ஊர்களில் இருப்பவர்களுக்கு மலை முத்திரையுள்ள 'எல்லாப் பருவ' டயர் இன்னொரு நல்ல வழி. ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றும் கூலியும் வைக்க இடம் தேடும் தொல்லையும் போய்விடும். மியூனிக்கின் தெற்கிலோ கருங்காடு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைப்பகுதியிலோ இருந்தால் இந்த யோசனை வேண்டாம்.

உண்மையான மிச்சம் ரிம்மில் இருக்கிறது. டயரை மட்டும் வாங்கினால் ஒவ்வொரு பருவத்துக்கும் ரிம்மிலிருந்து கழற்றி, மாட்டி, பேலன்ஸ் செய்யக் கூலி கொடுக்க வேண்டும். பழைய இரும்பு ரிம்கள் நான்கை வாங்கி அவற்றிலேயே குளிர்கால டயர்களை மாட்டிவிட்டால் சக்கரத்தோடு மாற்றிக்கொள்ளலாம். ஜாக்கியும் கைவலுவும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முடியும். 2014 நவம்பருக்குப் பின் முதலில் பதிவான கார் என்றால் டயர்க் காற்றழுத்தக் கண்காணிப்பு இருக்கும். சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் சென்சார் தேவைப்படும். ரிம் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள், இல்லையெனில் மிச்சம் பிடித்த பணம் சென்சாருக்கே போய்விடும். மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ரீட்ரெட்டோ புதிதோ, மாதம் ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் காற்றுப் பாருங்கள். குளிரில் அழுத்தம் தானாகவே இறங்கும்.

தேய்மானத்தை அளக்கச் சட்டைப்பையில் ஒரு 2 யூரோ நாணயம் போதும். அதன் வெள்ளி நிற விளிம்பு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். காடியில் செருகினால் அந்த விளிம்பு முழுதும் மறைய வேண்டும். ஜெர்மன் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை விட்டுவைக்கிறது. அதை நம்பிப் பனியில் இறங்காதீர்கள், அது மொட்டை டயருக்குப் பக்கத்தில். ஆஸ்திரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தது குளிர்கால டயராகவே எண்ணப்படாது. அங்கே நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருந்தால் இந்த விதி பொருந்தும். எல்லை தாண்டுகிறவர்கள் நாணயத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் பனி விழுந்த மறுநாள் எந்தப் பட்டறையிலும் இடம் கிடைக்காது. உங்கள் அளவில் இருக்கும் மலிவான டயர்களும் ரீட்ரெட்களும் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். செப்டம்பர் கடைசி வாரத்தில் தொலைபேசியில் கூப்பிட்டு, அக்டோபர் நடுவில் ஒரு நாளை வாங்கி வையுங்கள். பேசும்போது பதிவுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். முதலில் அளவைத்தான் கேட்பார்கள்.