பிரபலம் ஆஸ்பத்திரியில்: மருத்துவ அறிக்கை எழுதுவோருக்கு

ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, செய்தி வெளியே போயிருக்கும். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர் முதல் பார்க்கிங் டோக்கன் கிழிப்பவர் வரை எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. அதனால் "யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்" என்று திட்டம் போட வேண்டாம். எதைச் சொல்வது, எதைப் பிறகு சொல்வது, எதைக் கடைசி வரை சொல்லாமலே விடுவது என்ற மூன்றைத்தான் முடிவு செய்ய வேண்டும். குடும்பத்தார், மேனேஜர், ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்பு அதிகாரி (பி.ஆர்.ஓ.) மூவருக்குமாக எழுதியது இது.

முதலில் கையெழுத்து

அறிக்கையின் உரிமையாளர் நோயாளி. இந்திய மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் 7.14ஆம் விதி, தொழில் வழியாகத் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்கிறது. நீதிபதியின் உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அறிவித்தே தீர வேண்டிய தொற்றுநோய் என்று மூன்றே விலக்குகள். வாசலில் ஐயாயிரம் ரசிகர்கள் நிற்பது அதில் வராது.

நோயாளிக்கு நினைவு இருந்தால், அறிக்கையின் வாசகத்தையே அவரிடம் படித்துக் காட்டி அதன் அடியிலேயே கையெழுத்து வாங்குங்கள். "பொதுவாகச் சொல்லிக்கொள்ளுங்கள்" என்ற வாய்மொழிச் சம்மதம் மறுநாளே தகராறாகும். நினைவு இல்லையென்றால், கேஸ் ஷீட்டில் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுத்த உறவினர் ஒருவரே இதற்கும் பொறுப்பு. அண்ணன் ஒன்று சொல்லி, மாப்பிள்ளை வாசலில் மைக் முன்னால் வேறொன்று சொன்னால் அன்று மாலை டிவி விவாதத்துக்கு அதுவே தலைப்பு. பேசுபவர் ஒருவர், அவர் தூங்கும்போது பேச மாற்று ஆள் ஒருவர்; அதற்கு மேல் வேண்டாம்.

முதல் அறிக்கையின் உடம்பு

2024 ஜனவரி 17 அன்று லண்டன் கென்சிங்டன் அரண்மனை, வேல்ஸ் இளவரசி கேட் பற்றி விட்ட அறிக்கையை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். முந்தைய நாள் லண்டன் கிளினிக்கில் சேர்ந்தார், திட்டமிட்ட வயிற்று அறுவை சிகிச்சை, வெற்றிகரமாக முடிந்தது, 10 முதல் 14 நாள் அங்கே இருப்பார், ஈஸ்டர் வரை பொது நிகழ்ச்சிகளுக்கு வரமாட்டார், மருத்துவ விவரம் தனிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம், முக்கியமான புதிய தகவல் இருந்தால் மட்டுமே மறுபடி சொல்வோம். இடம், நாள், காரணத்தின் மேல் அடுக்கு, எத்தனை நாள், எல்லைக்கோடு. எழுத்தில் குறை சொல்ல இடமில்லை. கோளாறு அறிக்கைக்கு வெளியே இருந்தது: புற்றுநோய் அல்ல என்று அரண்மனைத் தரப்பு செய்தியாளர்களிடம் சொல்லிவைத்தது. அன்று மருத்துவர்கள் நினைத்ததும் அதுதான். அறுவைக்குப் பிறகு வந்த பரிசோதனை முடிவு வேறு மாதிரி சொல்லிவிட்டது. உடலிலிருந்து எடுத்த திசுவின் பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வரும்வரை "இது இல்லை" என்ற வாக்கியம் எந்த வாயிலிருந்தும் வரக் கூடாது.

தமிழில் ஒரு மாதிரி:

"திரு. ______ இன்று காலை 6.40 மணிக்கு எங்கள் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார். வயிற்றுப் பகுதியில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டுள்ளது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார், நினைவுடன் பேசுகிறார். மற்ற மருத்துவ விவரங்களை வெளியிட வேண்டாம் என்பது அவர் விருப்பம். அடுத்த அறிக்கை நாளை மாலை 6 மணிக்கு."

இதில் "உடல்நிலை சீராக உள்ளது" இல்லாததைக் கவனியுங்கள். மருத்துவர் வாயில் 'சீராக' என்றால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கின்றன என்று பொருள். வென்டிலேட்டரில் இருப்பவரும் சீராக இருக்கலாம். படிப்பவருக்கோ, நாளை வீட்டுக்கு வந்துவிடுவார் என்று பொருள். அந்த இடைவெளியில்தான் "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற கோபம் முளைக்கிறது. 'நினைவுடன் பேசுகிறார்', 'மூச்சுக்குக் கருவியின் உதவி தரப்படுகிறது' என்று கண்ணால் பார்க்கக்கூடியதை எழுதுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் வந்தவரை "வழக்கமான பரிசோதனைக்காக" என்று எழுதுவதும் வேண்டாம். அதை நம்புகிறவர் தமிழ்நாட்டில் யாரும் மிச்சமில்லை.

முதலில் சொன்ன காரணம் மாறிப்போனால், மாறியது என்றே எழுதுங்கள். 2016 செப்டம்பர் 22 அன்று முதல்வர் ஜெயலலிதா சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டபோது வந்த முதல் அறிக்கை, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது. அக்டோபர் முதல் வாரத்திலேயே தொற்று, சுவாச உதவி என்ற சொற்கள் அறிக்கையில் ஏறிவிட்டன. காய்ச்சல் எப்படி இவ்வளவு தூரம் போனது என்று மக்கள் தாங்களாகவே கதை கட்டிக்கொண்டார்கள். வதந்தி பரப்பியதாகச் சிலரைப் போலீஸ் கைது செய்தும் பேச்சு அடங்கவில்லை. 75 நாள் கழித்து அவர் இறந்தார். அடுத்த ஆண்டு விசாரணை ஆணையமே போட வேண்டிவந்தது.

எண்களைக் கொடுக்காதீர்கள்

1988 செப்டம்பரில் ஜப்பான் பேரரசர் ஹிரோஹிட்டோ படுத்தபோது, அரண்மனை தினமும் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம், எவ்வளவு ரத்தம் போனது, எவ்வளவு ஏற்றினார்கள் என்று விடாமல் சொன்னது. நோயின் பெயரை மட்டும் சொல்லவில்லை. 1989 ஜனவரி 7இல் அவர் இறந்த பிறகே புற்றுநோய் என்று அறிவித்தார்கள். உடம்பின் அந்தரங்கமும் காப்பாற்றப்படவில்லை, மக்களின் கேள்விக்கும் பதில் இல்லை. ஆக்சிஜன் 94 என்று இன்று போட்டால் நாளை 92 வந்தால் அலறல். நாளை மறுநாள் எண்ணையே போடாவிட்டால் அதைவிடப் பெரிய அலறல்.

இதற்கு எதிர்ப்பக்கம் மன்னர் மூன்றாம் சார்லஸ். 2024 ஜனவரியில் புராஸ்டேட் வீக்கம் என்று சொன்னார்கள். பிப்ரவரி 5 அன்று புற்றுநோய் என்றார்கள். புராஸ்டேட் புற்றுநோய் அல்ல என்பதையும் சேர்த்தார்கள். எந்த உறுப்பு, எந்த நிலை என்று சொல்லவில்லை. பெயரை வெளியே வைத்து, விவரத்தை உள்ளே வைக்கும் இந்த இடம் நிலைத்து நிற்கக்கூடியது.

பதவியில் இருப்பவருக்கு இன்னொரு பத்தி கட்டாயம்: வேலையை யார் பார்க்கிறார்கள். சார்லஸ் பொது நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்தாலும் அரசுக் கோப்புகளைப் பார்ப்பார் என்று அந்த அறிக்கையிலேயே இருந்தது. சென்னையில், முதல்வரின் துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கப்பட்டதாக ஆளுநர் மாளிகை சொன்னது அக்டோபர் 11 அன்று. இடைப்பட்ட மூன்று வாரத்தில் மக்கள் கேட்டதில் பாதி, உடம்பைப் பற்றிய கேள்வியே இல்லை. நடிகருக்கு இந்தப் பத்தி தேவையில்லை. படப்பிடிப்பு தள்ளிப்போவது தயாரிப்பாளர் கவலை.

கடிகாரமா, நிலைமையா

ஐசியூவில் இருக்கும்வரை கடிகாரத்தின்படி ஓடுங்கள்: தினம் ஒரு முறை, ஒரே நேரம். மாற்றம் இல்லையென்றால் "நேற்றைய நிலையிலிருந்து மாற்றம் இல்லை" என்ற ஒரு வரி போதும். ஆறு மணி அறிக்கை ஏழரைக்கு வந்தால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆளைக் கொன்றேவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு "புதிதாக இருந்தால் சொல்கிறோம்" முறைக்கு மாறலாம்.

அந்த முறையில் ஓட்டை விழுவது நோயாளியால் அல்ல, பக்கத்தில் இருப்பவர்களால். 2024 பிப்ரவரி 27 அன்று கேட்டின் கணவர் இளவரசர் வில்லியம் ஒரு நினைவு நிகழ்ச்சியிலிருந்து "தனிப்பட்ட காரணம்" என்று திடீரென விலகினார். அதுவரை சும்மா இருந்த ஊர், மனைவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தொடங்கியது. ஆகவே கணவர், மனைவி, பிள்ளைகள், மேனேஜர் எல்லாருடைய அடுத்த ஒரு மாத நிகழ்ச்சி நிரலையும் எடுத்து, ரத்தாகக்கூடியதை முன்கூட்டியே ரத்து செய்துவிடுங்கள்.

படம் விடுவதானால்

2024 மார்ச் 10, பிரிட்டனில் அன்னையர் தினம். கேட் மூன்று பிள்ளைகளோடு இருக்கும் படம் வந்தது. எடுத்தவர் வில்லியம் என்றார்கள். மகள் சார்லட்டின் இடது கையருகே கம்பளிச் சட்டையின் விளிம்பு பொருந்தவில்லை. அன்றிரவே ஏபி, ஏஎஃப்பி, ராய்ட்டர்ஸ், கெட்டி ஆகிய நான்கு செய்தி, பட நிறுவனங்களும் படத்தைத் திரும்பப் பெறச் சொல்லி 'கில்' நோட்டீஸ் விட்டன. மறுநாள் கேட் தானே எடிட் செய்து பார்த்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சந்தேகத்தைத் தணிக்க விட்ட படம், சந்தேகத்துக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது.

செய்தி நிறுவனங்கள் வெட்டுவதையும் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டிக் குறைப்பதையும் ஏற்கும்; ஒன்றைச் சேர்ப்பதையும் அழிப்பதையும் ஏற்காது. எனவே கேமராவிலிருந்து வந்த மூல ஃபைலை அப்படியே பத்திரப்படுத்துங்கள். எடுத்த தேதி, இடம், எடுத்தவர் பெயர் மூன்றையும் சேர்த்தே விடுங்கள். பின்னால் தெரியும் மானிட்டர், மருந்துச் சீட்டு, கையில் கட்டிய அடையாளப் பட்டை ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடைஞ்சலாக இருந்தால் அழிக்காதீர்கள், வேறு கோணத்தில் புதிதாக எடுங்கள். பழைய படம் வேண்டவே வேண்டாம். படம் நேரத்தோடு வர வேண்டும் என்பதும் உண்டு: ஜெயலலிதா ஆஸ்பத்திரிப் படுக்கையில் பானம் அருந்தும் வீடியோ, அவர் இறந்து ஓராண்டு கழித்து, 2017 டிசம்பர் 20இல், ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முதல் நாள் வெளியானது. அதை மருத்துவச் சான்றாக யார் பார்ப்பார்கள்?

உள்ளிருந்து ஒழுகுவது

வெளியே கொட்டகை போட்டு நிற்கும் சேனல்களைவிடக் கணினியில் ஃபைலைத் திறந்து பார்க்கும் ஊழியர்தான் பெரிய ஓட்டை. அமெரிக்க நடிகை ஃபாரா ஃபாசெட் 2007இல் தனக்குப் புற்றுநோய் திரும்பியதை நண்பர்களிடம்கூடச் சொல்லாமல் வைத்துப் பார்த்தார். சில நாளிலேயே பரபரப்புப் பத்திரிகையில் வந்துவிட்டது. கசிந்தது ஆஸ்பத்திரியில்தான் என்று அவருக்கு உறுதியானது. பிரபலங்களின் ஃபைலை ஊழியர்கள் திறந்து பார்த்த புகார்களுக்காக, அவர் சிகிச்சை பெற்ற லாஸ் ஏஞ்சலிஸின் யுசிஎல்ஏ மருத்துவ அமைப்பு 2011இல் 8,65,500 டாலர் கட்டியது.

செய்ய வேண்டியவை: பதிவில் மாற்றுப் பெயர், ஆனால் ரத்த வங்கிக்கும் ஆய்வகத்துக்கும் நோயாளி எண் மாறவே கூடாது, மாறினால் தவறான ரத்தம் ஏறும். ஃபைலைத் திறக்க உரிமை சிகிச்சைக் குழுவுக்கு மட்டும். யார் எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்ற பதிவைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும், வாரம் ஒரு முறை போதாது. மருந்துக் கடை பில், சாப்பாட்டு ஆர்டர், சாம்பிள் குப்பியின் லேபிள் இவற்றிலும் அதே மாற்றுப் பெயர்.

போனை மறந்துவிடுவார்கள். 2012 டிசம்பரில் கேட் லண்டனில் வேறொரு மருத்துவமனையில் இருந்தபோது, ஆஸ்திரேலிய வானொலித் தொகுப்பாளர்கள் இருவர் அரசியாகவும் இளவரசராகவும் குரல் மாற்றி விடியற்காலையில் கூப்பிட்டார்கள். வரவேற்பில் ஆள் இல்லாததால் ஒரு செவிலியர் எடுத்து வார்டுக்கு இணைத்தார். அங்கே இருந்தவர் நிலைமையைச் சொல்லிவிட்டார். இணைத்துக் கொடுத்த செவிலியர் மூன்று நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார். பொறியில் மாட்டுவது இரவுப் பணியில் தனியாக நிற்கும் கடைநிலை ஊழியர்தான். அவரைக் காப்பாற்ற ஒரே விதி: யார் பெயர் சொன்னாலும், ஏற்கெனவே எழுதிவைத்த எண்ணுக்கு நாம் திருப்பிக் கூப்பிடுவோம். போன் அருகே அதை ஒட்டிவையுங்கள்.

எதை மறுப்பது

எல்லா வதந்தியையும் மறுக்கக் கூடாது. மூன்றை மறுத்து நான்காவதை விட்டால் நான்காவது உண்மையாகிவிடும். இறந்துவிட்டார் என்பது, போலி லெட்டர்ஹெட்டில் வரும் அறிக்கை, சிகிச்சை பற்றிய தவறான தகவல் ஆகிய மூன்றை மட்டும் ஒரு மணி நேரத்துக்குள் மறுங்கள். 2020 ஆகஸ்டில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்குக் கொரோனா நெகட்டிவ் என்று பரவியபோது மகன் சரண் வீடியோவில் வந்து மறுத்தார். நல்ல செய்தியாக இருந்தும் மறுத்ததால்தான் அடுத்த நாள் அவர் சொன்னதை நம்பினார்கள்.

வெளியே எழுதுகிறவர்களுக்குக் கோடு எங்கே என்பதை, மாடல் நவோமி கேம்பெல் ஒரு பத்திரிகைமேல் போட்ட வழக்கில், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2004இல் காட்டியது. போதைப் பழக்கமே இல்லை என்று அவர் பொதுவெளியில் சொல்லியிருந்ததால், பழக்கம் இருந்தது, சிகிச்சை பெறுகிறார் என்று எழுதலாம். எங்கே, எப்படிச் சிகிச்சை என்பதையும் அங்கிருந்து வெளியே வரும் படத்தையும் போட்டது தவறு என்று 3க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு. அறிக்கை எழுதுகிறவரும் இதைப் படிக்க வேண்டும்: பொய் சொன்னால் அந்த அளவுக்குப் பாதுகாப்பு போகிறது.

ஆஸ்பத்திரி தரும் கடைசி அறிக்கை டிஸ்சார்ஜ் அன்று. 'சிகிச்சை முடிந்தது', 'நோய் கட்டுக்குள் வந்தது', 'குணமடைந்தார்' மூன்றும் வேறு வேறு; மருத்துவர் எதைச் சொன்னாரோ அதை மட்டும் போடுங்கள். கேட் 2024 செப்டம்பர் 9 அன்று கீமோதெரபி முடிந்தது என்று மட்டும் சொன்னார். நோய் தணிந்துவிட்டது என்ற சொல், நான்கு மாதம் கழித்து, 2025 ஜனவரி 14 அன்றுதான் வந்தது.