‘டேஸ்ட் ஆஃப் யுவர் ஓன் மெடிசின்’: எங்கே தவறுகிறோம்?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது இந்தத் தொடரை இடம் தெரியாமல் போட்டுவிடுகிறார்கள். ஒருவர் பிறருக்குச் செய்த கெடுதலை, அதே விதத்தில் அவரும் அனுபவிப்பது: பொருள் இவ்வளவுதான். ஸ்பெல்லிங், உச்சரிப்பு எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நல்ல விஷயத்துக்குச் சொல்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். என்னிடம் படித்த ஒருவர் திருப்பூரில் மெர்ச்சண்டைசர், அதாவது பையர் தரும் ஆர்டரைக் கவனித்து முடித்துக் கொடுப்பவர். வெளிநாட்டு பையர் சொல்லிக்கொடுத்த தரச் சோதனை முறையைத் தன் யூனிட்டில் கொண்டுவந்திருந்தார். நன்றி சொல்வதாக நினைத்து, ‘இந்த ஷிப்மெண்டில் யூ வில் கெட் எ டேஸ்ட் ஆஃப் யுவர் ஓன் மெடிசின்’ என்று மெயில் அனுப்பிவிட்டார். ‘நீங்கள் கற்றுத் தந்ததன் பலனை நீங்களே பாருங்கள்’ என்பது அவர் நினைப்பு. பையருக்கோ ‘எங்களைப் படுத்திய பாட்டை நீங்களும் படுவீர்கள்’ என்று கேட்டது. அதற்கு முந்தைய ஆர்டரில் விலைத் தகராறு வேறு. விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆர்டர் கைமாறிவிட்டது.

மருந்து என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை. இத்தொடரின் மூலம் என்று பலரும் காட்டும் ஈசாப் கதையைப் படித்தால் இது மறக்காது. செருப்புத் தைக்கும் ஒருவர் பிழைப்புக்காகப் போலி விஷமுறிவு மருந்து விற்கிறார். அரசர் அந்த மருந்தில் விஷம் கலப்பதுபோல் பாவனை செய்து, ‘நீயே குடி’ என்று நீட்டுகிறார். உயிர்ப் பயத்தில் ஆள் உண்மையைச் சொல்லிவிடுகிறார். அந்தக் கோப்பையை நன்றி மெயிலில் நீட்டலாமா?

எல்லாத் தண்டனைக்கும் சொல்வது

திருடன் போலீஸில் மாட்டினால் பொருந்தாது. அவன் வீட்டிலேயே திருட்டுப் போனால் பொருந்தும்.

குறளை வைத்து மொழிபெயர்ப்பது

‘பிறர்க்கின்னா முற்பகல் செய்யின்’ என்ற குறள் நெருங்கி வருகிறது, சரி. ஆனால் அங்கே துன்பம் ‘தாமே வரும்’. ஆங்கிலத்தில் பெரும்பாலும் யாரோ ஒருவர் வேண்டுமென்றே கொடுக்கிறார். ‘அவன் பாணியிலேயே அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாள்’ என்று எழுதினால் போதும்.

‘மெடிசின்ஸ்’

வேண்டாம். ஒருமைதான்.

பக்கத்துத் தொடர்களோடு குழப்புவது

‘டேக் யுவர் மெடிசின்’ என்றால், செய்த தவறின் விளைவை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள் என்று பொருள். அப்புறம், ‘ஜஸ்ட் வாட் த டாக்டர் ஆர்டர்ட்’ இதமான தொடர்; இப்போது தேவைப்பட்டது இதுவேதான் என்று பொருள். வெயிலில் அலைந்து வந்தவர் கையில் மோர் கொடுத்தால் அவர் தாராளமாகச் சொல்லலாம்.