மின்சார சைக்கிளிலும் உடற்பயிற்சி உண்டு
டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி மேடுகளில் மிதிக்க முடியாமல் சைக்கிளைக் கராஜில் போட்டு வைத்திருப்பவர்களே, மின்சார சைக்கிள் வாங்கினால் உடம்புக்கு வேலையே இருக்காது என்று நினைக்காதீர்கள். மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், கைப்பிடியைத் திருகினால் தானாக ஓடுவது ஸ்கூட்டர் மாதிரிதான். ஒரே தூரத்துக்குச் சாதாரண சைக்கிளைவிட உழைப்பு குறைவு, சரி, ஆனாலும் வேக நடைக்கு ஈடான மிதமான பயிற்சி கிடைக்கும். மேட்டைக் கண்டு பயமில்லாததால் பலர் அதிக தூரம், அடிக்கடி ஓட்டுகிறார்கள், அந்தக் குறையில் பெரும்பகுதி அதிலேயே ஈடாகிவிடும்.

மோட்டார் உதவியை எவ்வளவு வைப்பது? ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் ஒரு படி குறையுங்கள். டர்பன் கடற்கரை நடைபாதை போன்ற சமதளத்தில் மோட்டாரையே அணைத்துவிடலாம், பாட்டரியின் கனத்தையும் சேர்த்து மிதிக்கும்போது தொடை நன்றாகவே இறுகும்.