எச்சத்தின் மேல் ஊற்றிய மருந்து

மழைக்காலம் பிடித்ததும் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடிக் கண்மாய்களுக்கு வெளியூர்ப் பறவைகள் வந்துவிடும். அவை மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நல்ல பழக்கம்தான். ஆனால் நீர்ப்பறவைகள் நோய் காட்டாமலே பறவைக் காய்ச்சல் வைரஸைச் சுமக்கும். அதனால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் அந்த மாதங்களில் கிருமிநாசினி மருந்து வாசனை தூக்கலாக இருக்கும். வாசனை இருந்து என்ன, தெளிக்கிற விதம் சரியில்லையே!

இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. அது சிதைந்தால் வைரஸ் செத்தது. அந்த வேலையைச் சோப்புத் தண்ணீரே செய்துவிடும். ஆனால் குளிர்ந்த, ஈரமான எச்சத்துக்குள் பதுங்கிவிட்டால் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதன் மேல் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றினால் குளோரின் எச்சத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். முதலில் கூளத்தை அள்ளுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுத் தேயுங்கள். மருந்து கடைசியில்தான்.

நடுவில் ஒரு வேலை விட்டுப்போகிறது: சோப்பை நன்றாக அலசுவது. பென்சால்கோனியம் குளோரைடு உள்ள மருந்தைச் சாதாரணச் சோப்பு முறித்துவிடும். தெளித்த கையோடு துடைப்பதும் வீண். பெரும்பாலான மருந்துகளுக்குப் பத்து நிமிடமாவது தரை ஈரமாக இருக்க வேண்டும். லேபிளில் கூடுதல் நேரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

ஷெட் வாசலில் கால் நனைக்கும் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். திங்கட்கிழமை ஊற்றிய கரைசல் வியாழனன்று டீ நிறத்தில், இரண்டு இறகு மிதக்க, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அதில் செருப்பை முக்கி எடுப்பதைச் சடங்கு என்றுதான் சொல்வேன். பக்கத்தில் பிரஷ்ஷும் தண்ணீரும் வைத்து, சேற்றைத் தேய்த்த பிறகு முக்க வேண்டும். கரைசலைத் தினமும் மாற்ற வேண்டும், கலங்கினால் அப்போதே.

வாய் திறந்து கிடந்த பழைய பிளீச்சிங் பவுடரில் குளோரின் சொற்பமாகத்தான் மிஞ்சியிருக்கும். வீரியம் போதாதென்று கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதில் கலந்துவிடாதீர்கள்; கிளம்பும் வாயு உங்கள் நுரையீரலைத்தான் தாக்கும்.

கோழிகள் திடீரென்று கொத்துக்கொத்தாகச் செத்தால் எதையும் அள்ள வேண்டாம், கழுவவும் வேண்டாம். கோழி, முட்டை எதுவும் வெளியே போகாமல் நிறுத்திவிட்டு, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.